பாலத்துக்கு ஏது விரல்

நான்காவது மாடிக்கும் ஐந்தாவது மாடிக்கும் நடுவில் லிஃப்டை நிறுத்துவார். தொண்டையைச் செருமிக்கொள்வார். எதிரே மூடியிருக்கும் எவர்சில்வர் கதவில் மங்கலாகத் தெரிகிற சொந்த முகத்துக்கு ஒரு வணக்கம் வைத்துவிட்டு, "ஏறுகிறவர்களுக்கு என் முகம் தெரியாது" என்று முதல் வரியை எடுத்துவிடுவார். அந்தக் குரல் கூண்டின் கூரையைத் தாண்டி, இரும்புக் கயிறுகளின் ஓரமாக மேலே ஏறி, பதினோராவது மாடியில் துணி காயப்போடுகிற அம்மாளின் காதில் தெளிவாக விழும். கீழே பையோடு காத்திருக்கிறவர்களில் புதிதாகக் குடிவந்தவர் யாராவது இருந்தால் பதறிப்போவார். உள்ளே ஆள் மாட்டிக்கொண்டு அலறுகிறது என்று வாசல் காவலாளியிடம் ஓடியவர்கள் உண்டு. காவலாளி நாற்காலியைவிட்டு எழுந்திருக்கவே மாட்டார். லிஃப்ட்காரர் கவிதை சொல்லிப் பார்க்கிறார், எட்டே வரிதான், முடிந்ததும் லிஃப்ட் வந்துவிடும் என்பார்.

வருடத்தில் பதினோரு மாதம் இந்தத் தொந்தரவு கிடையாது. ஒன்பதாவது மாதம் நெருங்கிவிட்டால், அவர் பராமரிக்கிற பதினேழு கட்டடங்களிலும் லிஃப்ட் ஒருமுறையாவது நடுவழியில் நின்று கவிதை கேட்டாக வேண்டும். பராமரிப்பு அட்டையில் 'சோதனை ஓட்டம்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிடுவார். பொய் சொன்னதாக ஆகாது. எதைச் சோதித்தாய் என்று அட்டையில் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

ஆள் குள்ளம். வயது ஐம்பத்தாறு. இடுப்பில் கருவிப் பட்டை, காது மடலுக்கு மேல் டெஸ்டர், சட்டைப் பையில் பேனா. பென்சில் மட்டும் அவரிடம் இருக்காது. "தப்பு பண்றவன்தான் பென்சில் வச்சுக்கணும்" என்பார். எந்த ஊர்க் கட்டடத்தில் எந்த லிஃப்டில் ஏறினாலும், மற்றவர்கள் கதவைப் பார்த்து நிற்க, இவர் மட்டும் கண்ணை மூடிக்கொண்டு சுவரில் உள்ளங்கையை வைத்து நிற்பார். இரண்டாவது மாடி வருவதற்குள் தீர்ப்பு வந்துவிடும். "வலது பக்கம் உருளை தேஞ்சிருக்கு. சந்தேகமே வேணாம்."

அந்தச் 'சந்தேகமே வேணாம்' அவரைத் தெரிந்தவர்கள் எல்லோரும் அறிந்தது. முப்பத்தொரு வருடத் தொழிலில் அது பெரும்பாலும் பலித்ததால், தொழிலுக்கு வெளியேயும் அதையே தாராளமாக விநியோகித்து வந்தார். மழை வருமா, மைத்துனனுக்கு அமைந்த வேலை நிலைக்குமா, எதிர்வீட்டு நாய் ஏன் சாப்பிடவில்லை, எல்லாவற்றுக்கும் ஒரே முத்திரைதான். பாதி நாள் மழை வராது. அதனால் அவருடைய நம்பிக்கைக்கு ஒரு குறையும் வந்ததில்லை.

இவ்வளவு ஒத்திகையும் எதற்கென்றால், சகோதர சபைக்கு. ஒரு மரச்சாமான் கடைக்கு மேலே, மூன்றாவது மாடியில் சபையின் கூடம் இருக்கிறது. லிஃப்ட் கிடையாது, ஐம்பத்தெட்டுப் படி. தன்னை அலைக்கழிப்பதற்கென்றே பார்த்துப் பிடித்த கட்டடம் என்று முனகாமல் அவர் ஒருநாளும் ஏறியதில்லை. மாதத்தின் முதல் சனிக்கிழமை மாலை ஐந்து மணிக்குப் பன்னிரண்டு பேர் நீலத் தோள்பட்டி அணிந்து சுவரோரமாக நான்கு பக்கமும் உட்காருவார்கள். தலைவர் பல் டாக்டர். செயலாளர் மருந்துக்கடைக்காரர். தலைவர் மரச் சுத்தியலால் மேஜையில் மூன்று தட்டு தட்டினால் கூட்டம் தொடங்கியதாக அர்த்தம். ஏன் மூன்று என்று யாருக்கும் தெரியாது. தெரியாததாலேயே மிகவும் கண்டிப்பாகத் தட்டுகிறார்கள். உறுப்பினர் வீட்டில் நல்லதோ கெட்டதோ எது நடந்தாலும் மீதிப் பதினோரு பேரும் போய் நிற்க வேண்டும், அதுதான் சபையின் நோக்கம். மற்றதெல்லாம் அலங்காரம்.

அலங்காரத்தில் ஒன்றுதான் கவிதை. போன மாதக் குறிப்பைப் படித்து முடித்ததும், வந்த கடிதங்களைப் படிப்பதற்கு முன்பு, ஒரு சகோதரர் எழுந்து தன் மனதுக்குப் பிடித்த கவிதை ஒன்றைச் சொல்ல வேண்டும். பன்னிரண்டு பேர், பன்னிரண்டு மாதம், ஆளுக்கொன்று. லிஃப்ட்காரரின் முறை ஒன்பதாவது மாதம். சொல்லும்போது யாரும் இடையில் பேசக் கூடாது. சொல்லி முடித்த பிறகு அதைப் பற்றி யாரும் கேள்வி கேட்கக் கூடாது, இதை ஏன் தேர்ந்தெடுத்தாய் என்றுகூட. ஒரு மனிதனுக்குப் பிடித்ததை அவனிடம் குறுக்கு விசாரணை செய்வது சகோதரனுக்கு அழகில்லை என்று சபையைத் தொடங்கியவர்கள் நினைத்திருக்கிறார்கள். நல்ல மனிதர்கள்.

லிஃப்ட்காரர் பத்தொன்பது வருடமாக ஒரே கவிதையைச் சொல்லி வருகிறார். அது அவருக்குப் புத்தகத்தில் கிடைக்கவில்லை. ஒரு முறை லிஃப்டுக்கு வாங்கிய பேரிங்கைச் சுற்றி வந்த பழைய பத்திரிகைத் தாளில் இருந்தது. எழுதியவர் பெயர் இருந்த இடத்தில் எண்ணெய்க் கறை. இயந்திர அறையில் உட்கார்ந்து படித்தவர், பேரிங்கைத் தரையில் வைத்துவிட்டு இன்னொரு முறை படித்தார்.

ஏறுகிறவர்களுக்கு என் முகம் தெரியாது.
இறங்குகிறவர்களுக்கு என் பெயர் தெரியாது.
பாரம் எவ்வளவென்று
பாதங்கள் சொல்லிவிடும் எனக்கு.
பத்திரமாய்ப் போய்ச் சேர்ந்தவர்
திரும்பிப் பார்ப்பதில்லை.
பார்க்க வேண்டியதுமில்லை.
நான் பாலம்.

தன்னைப் பற்றித்தான் யாரோ எழுதியிருக்கிறார்கள் என்று அப்போதே முடிவு கட்டிவிட்டார். பாலத்துக்கும் லிஃப்டுக்கும் வித்தியாசம் இருக்கிறதே என்று ஒரு முறை மனைவி கேட்டதற்கு, ஒன்று படுத்திருக்கிறது, ஒன்று நிற்கிறது, அவ்வளவுதான் என்றார். சபையில் சொல்லும்போது கடைசி வரிக்கு வலது கையைத் தலைக்கு மேலே உயர்த்தி, "நான்... பாலம்!" என்று நிறுத்தி இறக்குவார். கூடத்துச் சன்னல் கண்ணாடி அதிரும். மற்ற பதினோரு பேருக்கும் கவிதை தலைகீழ்ப் பாடம். வருடத்துக்கு ஒன்றாக வேறு ஏதாவது சொல்லக் கூடாதா என்று தலைவரே ஒரு தடவை ஜாடையாகக் கேட்டுப் பார்த்தார். "பிடிச்சது ஒண்ணுதான் டாக்டர். வருஷத்துக்கு ஒண்ணு பிடிச்சா அதுக்குப் பேரு வேற" என்று பதில் வந்தது.

அந்தக் கவிதையை ஒவ்வொரு முறையும் கண்ணை மூடிக்கொண்டு கேட்பவர் ஒருவர் உண்டு. பேக்கரிக்காரர். நெடுநெடுவென்று உயரம், புருவத்தில் எப்போதும் கொஞ்சம் மாவு, நாளைக்கு நாற்பது வார்த்தைக்கு மேல் பேசினால் அதிகம். இருவரும் ஒரே நாளில் சபையில் சேர்ந்தவர்கள். பத்தொன்பது வருடமாகப் பக்கத்துப் பக்கத்து நாற்காலி. ஒருவர் பேசிக்கொண்டே இருக்க வேண்டும், இன்னொருவர் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும் என்று ஏற்பாடு செய்துகொண்டது போல அந்தச் சிநேகம் ஓடியது. கவிதை முடிந்து உட்கார்ந்ததும் பேக்கரிக்காரர் குனிந்து, "நல்லாருந்துச்சுப்பா" என்பார். பத்தொன்பதாவது தடவையும் முதல் தடவை கேட்டவர் போலவே சொன்னார்.

அந்தச் சிநேகத்துக்குத்தான் இந்த வருடம் ஐந்தாவது மாதத்தில் கேடு வந்தது.

பேக்கரிக்காரர் தன் மருமகனை, மகளின் கணவரை, சபையில் சேர்க்கப் பெயர் கொடுத்திருந்தார். பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார், கூச்ச சுபாவம், நல்ல பையன். புது ஆளைச் சேர்ப்பதற்கு ஓட்டுப் பெட்டி ஒன்று உண்டு. மரப்பெட்டி, பக்கவாட்டில் ஒரு துவாரம், துவாரத்தில் துணி உறை. கையை உள்ளே விட்டால் ஒரு தட்டில் கோலிக்குண்டு அளவில் மர உருண்டைகள் கலந்து கிடக்கும். சம்மதம் என்றால் வெள்ளை, மறுப்பு என்றால் கறுப்பு. உள்ளே கண்ணுக்கு வேலை இல்லை என்பதால் கறுப்பில் ஒரு பக்கத்தை லேசாகத் தட்டையாகச் சீவியிருப்பார்கள். விரலால் தடவிப் பார்த்து ஒன்றை எடுத்து உள்ளேயே இருக்கும் குழியில் போட்டுவிட வேண்டும். யார் எதைப் போட்டார் என்று பக்கத்தில் இருப்பவருக்கும் தெரியாது. சாகும்வரை வெளியே சொல்லவும் கூடாது. சேரும்போதே அதற்குச் சத்தியம் வாங்கிவிடுகிறார்கள். மீறினால் பெயரை அடித்துவிடுவார்கள். ஒரே ஒரு கறுப்பு விழுந்தாலும் ஆள் சேர முடியாது.

பெட்டியைத் திறந்தபோது பதினோரு வெள்ளை, ஒரு கறுப்பு.

மருமகன் அன்றைக்கென்று வாங்கிய புதுக் காலணியோடு கீழே மரச்சாமான் கடையில், விலைச்சீட்டு தொங்குகிற ஒரு நாற்காலியில் உட்கார்ந்து காத்துக்கொண்டிருந்தார். பேக்கரிக்காரர் ஐம்பத்தெட்டுப் படி இறங்கிப் போய் அவரிடம் விஷயத்தைச் சொன்னார். சொன்னவர் திரும்பி மேலே வரவில்லை.

லிஃப்ட்காரருக்கு வந்த கோபத்தைப் பார்த்திருக்க வேண்டும். அந்தக் கறுப்பைப் போட்டவன் கை அழுகிப்போகும் என்று கூடத்தின் நடுவில் நின்று குதித்தார். மறுநாளே பேக்கரிக்குப் போய் நண்பனிடம் துப்பும் துலக்கிக் கொடுத்தார். மருந்துக்கடைக்காரருக்கும் பேக்கரிக்காரருக்கும் வாசலில் வண்டி நிறுத்துவது சம்பந்தமாக ஆறு மாதத்துக்கு முன்னால் ஒரு வாய்த்தகராறு. "அவருதான். சந்தேகமே வேணாம்" என்றார். பேசாத மனிதர் நம்பிவிட்டார். நம்பியது மட்டுமா, அடுத்த கூட்டத்துக்கு முன்னால் மருந்துக்கடைக்கு நேரே போய், நாலு வாடிக்கையாளர் முன்னிலையில் கேட்டும்விட்டார். மருந்துக்கடைக்காரர் என்ன சொல்ல முடியும்? தான் போட்டது வெள்ளை என்று சொன்னால்கூடச் சத்தியத்தை மீறியதாகிவிடும். முகம் சிவந்துபோய் நின்றாராம். பதில் இல்லாததையே பேக்கரிக்காரர் பதிலாக எடுத்துக்கொண்டார்.

ஓட்டு நடந்து மூன்று வாரம் இருக்கும். லிஃப்ட்காரர் ஒரு கட்டடத்தின் இயந்திர அறையில் நட்டு ஒன்றைக் கையில் பிடித்தபடி ஸ்பானரைத் தேடிக்கொண்டிருந்தார். ஸ்பானரை எடுத்துக்கொண்டு பார்த்தால் கையில் நட்டு இல்லை. காலடியில் கிடந்தது. விழுந்த சத்தம் காதில் விழுந்திருந்தது. ஆனால் விரலைவிட்டு அது போனதே தெரியவில்லை. குனிந்து எடுத்தார். கண்ணை மூடிக்கொண்டு உருட்டிப் பார்த்தார். கையில் இருப்பது நட்டா, போல்ட்டா, ஒன்றுமே இல்லையா என்று விரல் சொல்லவில்லை. அங்கேயே ஒரு மரப்பெட்டியின் மேல் உட்கார்ந்துவிட்டார். எந்தப் பெட்டியின் ஞாபகம் வந்தது என்று சொல்ல வேண்டியதில்லை.

வீட்டுக்கு வந்ததும் மனைவியின் தையல் டப்பாவைக் கேட்டார். கோட்டுக்குத் தைக்கிற உருண்டைப் பொத்தான் பத்தும், சட்டைக்குத் தைக்கிற தட்டைப் பொத்தான் பத்தும் ஒரு துணிப்பையில் போட்டுக் குலுக்கச் சொன்னார். அந்த அம்மாள் எதற்கென்று கேட்காமல் செய்தார். முப்பது வருடத்தில் இதைவிட விசித்திரமான சோதனைகளெல்லாம் அந்த வீட்டில் நடந்திருக்கின்றன. "உருண்டை எடுங்க" என்றார். தட்டை வந்தது. "தட்டை." தட்டைதான் வந்தது. "உருண்டை." மறுபடியும் தட்டை. இருபது தடவையில் பதினொன்று தப்பு. கண்ணை மூடிக்கொண்டு காசைச் சுண்டியிருந்தால்கூட அவ்வளவுதான் வந்திருக்கும்.

"போன மாசம் சுடுதண்ணிப் பாத்திரத்த வெறுங்கையால தூக்கி வச்சீங்களே, அப்பவே கேட்டேன்" என்றார் மனைவி. "எனக்கெல்லாம் சுடாதுன்னு பெருமையா சொன்னீங்க."

அவர் பொத்தான்களைப் பொறுக்கி டப்பாவில் போட்டார். ஒவ்வொன்றையும் பார்த்துப் பார்த்துப் போட வேண்டியிருந்தது.

இந்த இடத்தில் அவரைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். மறுநாள் காலை எட்டு மணிக்கெல்லாம் மேற்பார்வையாளர் முன்னால் போய் நின்று, தன் வலது கை விரல்களில் உணர்ச்சி போய்விட்டது, இனிமேல் பிரேக் சரிசெய்கிற வேலையும் கயிறு தடவிப் பார்க்கிற வேலையும் தன்னிடம் கொடுக்க வேண்டாம், கண்ணால் பார்க்கிற வேலையாகக் கொடுங்கள் என்று சொல்லிவிட்டார். லிஃப்டில் ஜனங்கள் ஏறுகிறார்கள், அதில் கௌரவம் பார்க்க அவருக்குத் தெரியாது. நரம்பு டாக்டரிடமும் போனார். மாத்திரையும் பயிற்சியும் கொடுத்திருக்கிறார்கள், கொஞ்சம் திரும்பலாம் என்கிறார்கள். அதெல்லாம் அரை நாளில் முடிந்துபோன காரியம். நண்பனிடம் சொல்வதற்குத்தான் மூன்று மாதம் ஆகியும் நாக்கு எழவில்லை.

போகாமல் இல்லை. பேக்கரிக்கு வாரத்துக்கு மூன்று நாள் போனார். மருமகன் விஷயத்துக்குப் பிறகு சபை ஆட்கள் எல்லோரிடமிருந்தும் விலகியிருந்த நண்பரோ கண்ணாடி அலமாரிக்குப் பின்னால் நின்றுகொண்டு, வாடிக்கையாளரிடம் பேசுகிற குரலில் என்ன வேண்டும் என்று கேட்பார். சத்தியம் தடுக்கும். சத்தியம்தானா, வேறு ஏதாவதா என்று அவருக்கே சரியாகத் தெரியவில்லை. நான் போட்டதுதான் அந்தக் கறுப்பு என்று சொல்வதுகூடப் பரவாயில்லை, 'அவருதான், சந்தேகமே வேணாம்' என்றேனே, அதை எப்படி விழுங்குவது? கடைசியில் ஒரு ரொட்டி வாங்கிக்கொண்டு திரும்பிவிடுவார். வீட்டில் இருப்பதோ இரண்டு பேர். ரொட்டி அடுக்கில் ரொட்டி, குளிர்பெட்டியில் ரொட்டி. இன்னும் ஒரு வாரம் போனால் நாமே கடை திறக்கலாம் என்றார் மனைவி.

ஒன்பதாவது மாதக் கூட்டத்துக்கு ஒரு வாரம் இருக்கும்போது மருந்துக்கடைக்காரர் அவரைத் தெருவில் நிறுத்தினார். பேக்கரிக்காரர் விலகல் கடிதம் கொடுத்திருக்கிறார். காரணம் என்ற இடத்தில் மருந்துக்கடைக்காரர் பேரைத்தான் எழுதியிருக்கிறார். கூட்டத்தில் கடிதத்தைச் சத்தமாகப் படிப்பது செயலாளர் வேலை. படித்துவிட்டால் விலகல் அந்த நிமிடமே செல்லும், பிறகு திருப்பி வாங்க வழியில்லை.

"என்னப் பத்தி எழுதுனத நானே படிக்கணும்" என்றார் மருந்துக்கடைக்காரர். சிரிக்கத்தான் பார்த்தார். "நீங்க அவரோட சிநேகிதர். ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

லிஃப்ட்காரர் தலையை ஆட்டிவிட்டு வந்துவிட்டார். அன்று சாயங்காலம் மனைவியிடம் பென்சில் கேட்டார். அந்த அம்மாளுக்கு அப்போதுதான் உண்மையிலேயே பயம் வந்தது.

பராமரிப்பு அட்டை ஒன்றின் பின்பக்கத்தில் எழுதினார், அழித்தார், எழுதினார். சபையில் கவிதை சொல்லும்போது யாரும் குறுக்கே பேச முடியாது. முடிந்த பிறகு யாரும் ஒன்றும் கேட்க முடியாது. கேட்காத கேள்விக்குப் பதில் சொன்னதாக ஆகாது. இப்படியொரு வழியைக் கண்டுபிடித்ததில் அவருக்குப் பழைய தெம்பு பாதி திரும்பிவிட்டது. எழுதியதை மனைவியிடம் படித்துக் காட்டினார். அந்த அம்மாள் முழுவதையும் கேட்டுவிட்டு, "எல்லாம் சரி. பாலத்துக்கு ஏதுங்க விரல்?" என்றார்.

"இந்தப் பாலத்துக்கு இருக்கு" என்றார்.

அந்த வாரம் எந்தக் கட்டடத்திலும் லிஃப்ட் நடுவழியில் நிற்கவில்லை. காவலாளிகள் ஒருவரையொருவர் விசாரித்துக்கொண்டார்கள்.

சனிக்கிழமை. மூன்று தட்டு. குறிப்பு படித்தார்கள். பேக்கரிக்காரர் எதிர்ச் சுவரோரம், கதவுக்குப் பக்கத்து நாற்காலியில் கையைக் கட்டிக்கொண்டு இருந்தார். லிஃப்ட்காரருக்குப் பக்கத்து நாற்காலி நான்கு மாதமாகக் காலி. செயலாளர் மேஜையில் மைப்புட்டிக்கு அருகே விலகல் கடித உறை இருந்தது. தலைவர் கவிதை என்று அறிவித்தார்.

லிஃப்ட்காரர் எழுந்தார். அட்டையைக் கொண்டுவந்திருந்தும் எடுக்கவில்லை. வழக்கமான குரலிலேயே தொடங்கினார். ஏறுகிறவர்களுக்கு, இறங்குகிறவர்களுக்கு என்று அது போகப்போக, சுவரோரத்தில் நாலைந்து உதடுகள் தாமாக அசைந்தன. "பார்க்க வேண்டியதுமில்லை" வந்ததும் இரண்டு பேர் கைதட்டத் தயாராகக் கையைத் தூக்கிவிட்டார்கள். "நான் பாலம்" என்று சொன்னார். கை உயரவில்லை. சன்னல் அதிரவில்லை. தட்டத் தொடங்கியவர்கள் பாதியில் நிறுத்தினார்கள். அவர் நின்றுகொண்டே இருந்தார். பிறகு, மேடைக் குரல் அத்தனையும் கழன்றுபோய், வீட்டில் பேசுகிற குரலில் தொடர்ந்தார்.

"ஒரு நாள் ஒரு பலகை நழுவிடுச்சு.
நண்பன் வீட்டுப் பிள்ளை விழுந்துட்டான்.
எந்தப் பலகைன்னு கேட்டாங்க.
பக்கத்துப் பலகையைக் கை காட்டினேன்.
சத்தமா சொன்னேன். நம்பிட்டாங்க.
நழுவினது நான்.
உருண்டை எது, தட்டை எதுன்னு
என் விரலுக்குத் தெரியல.
தெரியலைங்கிறதும் எனக்குத் தெரியல.
நான் பாலம்."

முடிந்தது என்பதற்கு அடையாளமாகத் தலையைக் குனிந்துவிட்டு உட்கார்ந்தார்.

பதினோரு பேரும் அந்தப் பெட்டியில் கைவிட்டவர்கள். எது உருண்டை, எது தட்டை என்று யாருக்கும் விளக்க வேண்டியிருக்கவில்லை. கேட்கவும் கூடாது. பேக்கரிக்காரர் கண்ணை மூடித்தான் கேட்டுக்கொண்டிருந்தார். இப்போது திறந்திருந்தார்.

மருந்துக்கடைக்காரர் பேனாவைப் பிடித்தபடி குறிப்புப் புத்தகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "குறிப்புல என்னன்னு எழுதறது டாக்டர்?" என்று கேட்டார்.

சத்தியத்தை மீறியவனின் பெயரை அடிக்க வேண்டும் என்பது விதி. தலைவர் லிஃப்ட்காரரைப் பார்த்தார். எல்லோருடைய கடைவாய்ப் பல்லையும் பார்த்த மனிதர், எங்கே வலிக்கும் என்று அவருக்குத் தெரியும்.

"கவிதைன்னு எழுதுங்க. கவிதைதானே" என்றார். "அடுத்து, கடிதங்கள்."

மருந்துக்கடைக்காரர் உறையை எடுத்தார். பிரிக்கவில்லை. எதிர்ச் சுவரோரம் நாற்காலி பின்னுக்கு நகரும் சத்தம் கேட்டது. பேக்கரிக்காரர் எழுந்துவிட்டார். கதவுக்குப் பக்கத்து நாற்காலி, போய்விடப் போகிறார் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். அவர் செயலாளரின் மேஜைக்கு வந்தார். மேஜை முன்னால் நின்று, அந்த நெடிய உடம்பைக் கொஞ்சம் குனிந்து, "மன்னிச்சுக்கங்க" என்றார். மருந்துக்கடைக்காரர் உறையை நீட்டினார். அதை வாங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, பேக்கரிக்காரர் நேரே வந்து லிஃப்ட்காரருக்குப் பக்கத்தில் காலியாக இருந்த நாற்காலியில் உட்கார்ந்தார்.

லிஃப்ட்காரர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பேக்கரிக்காரர் அவருடைய வலது கையை எடுத்துத் தன் மடியில் மல்லாத்தி வைத்துக்கொண்டார். மாவு பதத்துக்கு வந்துவிட்டதா என்று பார்க்கிறவர் போல, பெருவிரலால் ஒவ்வொரு விரல்நுனியாக அழுத்தினார்.

"இது?"

"தெரியல."

"இது?"

"தெரியலப்பா."

"இது?"

லிஃப்ட்காரர் தலையை மட்டும் ஆட்டினார். தலைவர் சுத்தியலைக் கையில் எடுத்தவர், தட்டாமல் வைத்துவிட்டார். பேக்கரிக்காரர் சுண்டுவிரலுக்கு வந்தார். அங்கே கொஞ்சம் பலமாகவே அழுத்தினார்.

"இது?"

லிஃப்ட்காரர் கண்ணை மூடிக்கொண்டு வெகுநேரம் யோசித்தார்.

"இருக்கோ என்னவோ. உறுதியா சொல்ல முடியல" என்றார்.

பேக்கரிக்காரர் விரலை விடவில்லை. லிஃப்ட்காரரும் கையை இழுத்துக்கொள்ளவில்லை.